ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுவிட்டது. வாய் திறந்து பேச ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அம்மா அவளைத் 'துருவி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பூட்டுக்குள் என்ன இருக்கிறது, அது தன் சாவிதான் என்று பூட்டுக்கு எப்படித் தெரிகிறது, எதிர்வீட்டுக்காரர் வெளியே போகும்போது மட்டும் ஏன் சீட்டியடிக்கிறார், திரும்பி வரும்போது ஏன் அடிப்பதில்லை? "கொஞ்ச நேரம் வாயை மூடேன்டி" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டால், "மூடினா உனக்கு என்னம்மா கிடைக்கும்?" என்று அதற்கும் ஒரு கேள்வி வரும்.

வேலையும் பொருத்தமாகத்தான் வாய்த்தது. பேருந்து நிலையத்தில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் உட்காரும் வேலை. பயணிகள் கேட்க வேண்டும், இவள் பதில் சொல்ல வேண்டும். நடந்ததோ தலைகீழ். ஒரு நாள் கையில் கதவுக் கைப்பிடியோடு ஒருவர் வந்து, அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டார். நேரத்தைச் சொல்லாமல், "கதவு எங்க?" என்று கேட்டாள் துருவி. அவர் அடுத்த ஊரில் ஒரு சின்னத் தங்கும் விடுதி நடத்துகிறவர். ஓர் அறையின் கதவுக் கைப்பிடி உடைந்துபோனதையும், அதற்கு ஜோடி தேடிக் கடை கடையாக அலைந்ததையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. மனிதர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னார். அடுத்த வருடம் துருவி அவரையே கட்டிக்கொண்டு அந்த விடுதிக்கு மருமகளாகப் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு மாடிக் கட்டடம். பன்னிரண்டு அறைகள். முன்னால் வரவேற்பு மேசை, அதன் மேல் ஒரு மணி, பக்கவாட்டில் சமையலறை. பின்பக்கம் ஒரு பெரிய முற்றம். அதில் பாதி விருந்தினர்களின் வண்டிகளுக்கு, பாதி துணி காயப்போடும் கொடிகளுக்கு. கணவர் சமையலறையைப் பார்த்துக்கொண்டார். வரவேற்பு மேசை துருவியின் பொறுப்பு. அறைகள், படுக்கை விரிப்புகள், சலவை, சாவிக்கொத்து எல்லாம் நாத்தனாரின் ஆட்சி.

நாத்தனாரை வீட்டில் எல்லாரும் 'பாப்பா' என்றுதான் அழைப்பார்கள். கடைக்குட்டியாகப் பிறந்ததால் வந்த பெயர். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும் பெயர் மாறவில்லை. பாப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறு பெண்ணாக இருந்தபோதே விரிப்புகளை உதறத் தொடங்கியவள், இன்றுவரை உதறிக்கொண்டிருக்கிறாள். வார்த்தை ஒவ்வொன்றும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அண்ணிக்குக் கேள்வி என்றால் உயிர். பாப்பாவுக்குக் கேள்வி என்றால் எரிச்சல். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்கக்கூடாது என்பார்கள். இந்த வீட்டில் அந்த உறை துருவியின் கணவர்தான். பாவம், எந்தப் பக்கமும் கிழியாமல் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

இப்படி இருந்த வீட்டுக்குள் ஒரு மாலை நேரத்தில் மின்சாரக் கார் வந்து நின்றது.

வந்தவர் மூக்குக்கண்ணாடிச் சட்டம் விற்கும் வியாபாரி. ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்கு மாதிரி காட்டுகிறவர். கீழ்த்தளத்தில் இரண்டாம் அறையைக் கேட்டு வாங்கினார். ஏன் இரண்டுதான் வேண்டும் என்று துருவி கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டார். சற்று நேரத்தில் விடை கிடைத்தது. தாழ்வாரத்து விளக்குகள் மங்கின. சமையலறையில் மிக்ஸி முனகி நின்றது. பிறகு கீழ்த்தளம் முழுக்க இருட்டு, கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்தால், இரண்டாம் அறையின் ஜன்னல் வழியாக ஒரு நீள வயர் இறங்கி முற்றத்தில் நிற்கும் காரின் விலாவுக்குள் போயிருந்தது. அறையில் பிளக் பாயின்ட் கரிப்பானையின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"என்ன சார் இது, மாட்டைக் கட்டற மாதிரி காரை ஜன்னல்ல கட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள் பாப்பா.

"மன்னிச்சுக்குங்க மேடம். பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு. காலையில கிளம்பியே ஆகணும். பிளக் பாயின்ட்தானே, தாங்கும்னு நினைச்சேன்."

"போன் சார்ஜ் பண்ற பாயின்ட்ல காரைச் சொருகினா எப்படித் தாங்கும்? எறும்பு தலையில மூட்டையை ஏத்தின கதைதான்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, துருவி காரின் விலாப்பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டாள். கையில் டார்ச்.

"சார், இந்த வட்டத்துக்குள்ள இத்தனை ஓட்டை எதுக்கு? கரண்ட் போக ரெண்டு போதாதா?"

கண்ணாடிக்காரருக்குத் திட்டு வாங்குவதிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். "எல்லாம் கரண்டுக்கு இல்லம்மா. சின்னதா இருக்கே ரெண்டு, அது பேசறதுக்கு."

"பேசறதுக்கா? யாரு, யாரோட?"

"சார்ஜர் வண்டியோட. உனக்கு நான் இவ்வளவு தர முடியும்னு அது சொல்லும். சரி, நான் தயார்னு வண்டி சொல்லும். ரெண்டும் ஒத்துக்கிட்ட பிறகுதான் கரண்ட் இறங்கும்."

துருவிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு இரும்புச் சாமான்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன, பதில் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகின்றன! தன் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையான ஒரு ஏற்பாட்டைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"மெத்தை எப்படி, சாப்பாடு எப்படின்னு இப்ப நான் எந்த ஓட்டல்லயும் கேக்கறதில்லம்மா. சார்ஜர் இருக்கா, அதுதான் முதல் கேள்வி. எங்கயும் இல்லேன்னா ஜன்னல் ஓரமா ஒரு ரூம் கேப்பேன். என்னை மாதிரி எத்தனையோ பேரு," என்றார் அவர்.

மறுநாள் காலை, கண்ணாடிக்காரர் சமையலறைப் பாயின்டில் அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, பேச்சு எழுந்தது. 'மின்சார வண்டிகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்ட வேண்டும் என்றாள் பாப்பா. முற்றத்தில் முறையாக ஒரு சார்ஜர் வைத்துவிட்டால் என்ன என்றாள் துருவி.

"என்னத்தையாவது வெச்சு கட்டடத்தையே கொளுத்தப் போறீங்க அண்ணி. கண்ட ஆளும் வந்து வயரை நோண்டுவான், சுவரை இடிப்பான். இருக்கறது இருக்கிறபடி இருக்கட்டும்."

"இப்படியே விட்டாத்தான் பாப்பா கொளுத்துவாங்க. நேத்து பாத்தேல்ல?"

இரண்டு பேரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் அடுப்பைப் பார்த்தார்.

துருவி வாதாடவில்லை. அவளுக்கு வாதாடுவதைவிடத் தெரிந்துகொள்வதுதான் பிடிக்கும். ஓய்வு நாள் ஒன்றில் பேருந்து ஏறி, பெரிய வணிக வளாகம் ஒன்றின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். அங்கே சார்ஜர்கள் வரிசையாக நின்றன. ஒரு தூணோரம் உட்கார்ந்து, வந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் இல்லாமல், பையும் இல்லாமல், நெடுநேரம் ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்திருந்தால் காவலாளி சும்மா இருப்பாரா?

"யாரைத் தேடறீங்க?"

"யாரையும் இல்லங்க. சார்ஜ் ஏத்தறதைப் பாக்க வந்தேன்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க தினம் பாக்கறீங்களே, காத்திருக்கிற நேரத்துல இவங்க என்ன செய்வாங்க?"

காவலாளியை அதுவரை யாரும் அப்படி ஒன்று கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சிலர் வண்டிக்குள்ளேயே தூங்குவார்கள். சிலர் தேவையில்லாததை எல்லாம் வாங்கிக்கொண்டு வருவார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் பாதிப் பேர் சண்டை போடுவார்கள். "வீட்ல போடறதுக்கு நேரம் கிடைக்காத சண்டையெல்லாம் இங்கதான் நடக்கும்" என்றார். எல்லாருக்கும் அவசரம். அதனால்தான் இங்கே வேகமான சார்ஜர். பீப்பாய் போலப் பெரியது, விலையும் அப்படி.

திரும்பி வரும் பேருந்தில் துருவிக்கு ஒன்று விளங்கியது. விடுதிக்கு வருகிறவனுக்கு அவசரம் கிடையாது. அவன் வருவதே தூங்குவதற்கு. அவன் தூங்கும்போது வண்டி மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போதும். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டியே தாராளம்.

மின்வேலைக்காரர் வந்தார். வாடிக்கையாக வருகிறவர்தான். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார், கம்பிகளோடு பேசிக்கொண்டே இருப்பார். "நீ எங்கடா போற? நீ ஏன்டா இப்படிச் சுத்தி வர்ற?" என்று அவர் சுவரை அதட்டும்போது கூடவே நிற்பது துருவிக்குப் பெரிய சந்தோஷம்.

"சார்ஜர் மாட்டறது பெரிய விஷயம் இல்லம்மா. கட்டடத்துக்குன்னு ஒரு அளவு கரண்ட்தான் குடுத்திருக்காங்க. உங்க ஹீட்டர், ஏசி, அடுப்பு எல்லாம் தின்னது போக மிச்சம் இருக்கணும். அதை அளந்து பாத்துடலாம்" என்றார்.

விருந்தினர் யாரும் இல்லாத ஒரு நண்பகலாகப் பார்த்து வேலையைத் தொடங்கினார்கள். இருவருமாக அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் அணைத்தார்கள். பிறகு அவர் ஒரு மீட்டரை எடுத்து முதன்மைக் கம்பியைக் கவ்வ வைத்தார். நண்டு விரலைப் பிடித்த மாதிரி அது கம்பியைப் பிடித்துக்கொண்டது. சின்னத் திரையில் எண் ஏறக்குறைய சுழியில் நின்றது.

"சரியா இருக்கு. இனி ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கலாம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, எண் குபுக்கென்று எகிறியது.

"யாரு என்ன போட்டது?"

யாரும் எதையும் போடவில்லை. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். பாப்பா முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மின்வேலைக்காரர் ஒவ்வோர் அறையாகத் திரும்ப ஓடினார். எல்லா ஹீட்டரும் அணைந்தேதான் இருந்தன. அவர் இறங்கி வருவதற்குள் எண் மறுபடி சுழிக்குப் போய்விட்டது.

"அடப்பாவி. இது ஹீட்டர் வேலைம்மா. தண்ணி சூடானதும் தானா நின்னுடும், ஆறினா தானா போட்டுக்கும். இந்தக் கட்டடத்துல நமக்குத் தெரியாம ஒரு ஹீட்டர் இருக்கு."

துருவிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பின்படிக்கட்டின் கீழே, எந்த அறைக்கு என்று எழுதாத ஒரு பழைய பியூஸ் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டு, மிச்சத்தை நாளை பார்க்கலாம் என்று மின்வேலைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாளைவரை பொறுக்க அவளால் முடியுமா? பெட்டியிலிருந்து கிளம்பிய குழாயைச் சுவரோடு விரலை ஓட்டியபடி பின்தொடர்ந்தாள். அது படிக்கட்டோடு ஏறியது. முதல் மாடித் தாழ்வாரத்தில் கதவுகளின் தலைக்கு மேலே போனது. ஐந்தாம் அறையைத் தாண்டியது. ஆறாம் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருக்கும் துணி அறையின் சுவருக்குள் புகுந்து மறைந்துவிட்டது.

துணி அறை பாப்பாவின் கோட்டை. விரிப்புகளும் துண்டுகளும் அடுக்கி வைக்கும் இடம். சாவி அவளிடம் மட்டும்தான். அங்கே ஹீட்டருக்கு என்ன வேலை? துவைத்த துணிக்கு வெந்நீர் எதற்கு?

முற்றத்துக்கு இறங்கிப் போய்க் கட்டடத்தின் முதுகை அண்ணாந்து பார்த்தாள். ஐந்தாம் அறையின் ஜன்னல். அடுத்தது துணி அறையின் ஜன்னல். அதற்கும் ஆறாம் அறை ஜன்னலுக்கும் இடையில், மழைநீர்க் குழாயின் மறைவில், கண்ணாடிப் பட்டைகள் செருகிய சின்னஞ்சிறு ஜன்னல் ஒன்று. இத்தனை வருடமாக இந்த முற்றத்தில் நடமாடுகிறாள், அதை ஜன்னல் என்று கணக்கில் எடுத்ததே இல்லை. கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கிலிருந்து மெல்லிய ஆவி வெளியேறி, மாலைக்கு முந்திய வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு முணுமுணுப்பு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். யாரோ பாடுகிறார்கள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஆனால் அவ்வளவு நிம்மதியான பாட்டு.

பாப்பா பாடி அவள் கேட்டதே இல்லை.

மேலே ஓடினாள். துணி அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவிடுக்கில் சோப்பு வாசனை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

தினமும் மூன்று மணிக்கு மேல் பாப்பா துணி எண்ணப் போவாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது, எண்ணிக்கை தப்பிப்போகும். இது வீட்டின் எழுதாத சட்டம். பன்னிரண்டு அறை விடுதியின் துணியை எண்ண, தினமும் ஒரு மணி நேரம்! ஊரில் உள்ளதையெல்லாம் துருவியவளுக்கு, கண்ணெதிரே இருந்த இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லையே! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி பாப்பாவின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தாள். கட்டடத்தில் குளியலறைகளுக்குக் குறைவில்லை. எல்லாம் விருந்தினர்களுக்கு. வீட்டுக்காரர்களுக்கு என்று இருப்பது சமையலறைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. அதில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், "பாப்பா, மூணாம் நம்பர்ல துண்டு கேக்கறாங்க" என்று ஒரு குரல். சோப்புப் போட்டால், "சாவி எங்க?" என்று இன்னொரு குரல். மற்றவர்கள் குளித்த அறைகளைக் கழுவியே வயது போனவளுக்கு, தனக்கென்று ஒரு வாளி வெந்நீரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும்.

துருவி சத்தமில்லாமல் கீழே இறங்கினாள்.

கணவர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்னங்க, துணி அறைக்குள்ள ஒரு குளியலறை இருக்கே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"எப்ப இருந்து?"

"அப்பா அதை அடைச்சு அலமாரி வைக்கச் சொன்னாரு. நான்தான் கொத்தனார்கிட்ட, அலமாரிக்குப் பக்கத்துல ஒரு ஆள் நுழையற அளவுக்கு விட்டுடுங்கன்னேன். பாப்பா கேட்டா."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேக்கலையே" என்றார் அவர், நறுக்குவதை நிறுத்தாமல்.



மறுநாள் மின்வேலைக்காரர் வந்ததும், அந்த ஹீட்டரைத் தேட வேண்டாம், அது இருந்துவிட்டுப் போகட்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு சார்ஜரை வைக்க முடியுமா பாருங்கள் என்றாள் அவள். பாப்பாவின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு திருப்தி. அது நிலைக்கவில்லை. அவர் பியூஸ் பெட்டியைத் திறந்து, வயரை விரலால் அழுத்திப் பார்த்தார். உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இதுக்கு எர்த்தே இல்லம்மா. அந்தக் காலத்துச் சமாச்சாரம். இது போற இடம் ஈரமான இடமா?"

"ஆமா."

"அப்ப வேடிக்கை இல்ல. இத்தனை நாள் ஒண்ணும் ஆகாதது யாரோ செஞ்ச புண்ணியம். அந்தத் தண்ணியில கை வைக்கிறது யாரா இருந்தாலும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

அவரே பியூஸைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டார். சொல்லாமல் இருந்தால் ஆபத்து. சொன்னால், இத்தனை வருடம் பாப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்தது பறிபோகும். எதையும் கேட்டே பழகியவளுக்கு, ஒன்றை எப்படிச் சொல்வது என்பது புதிய பாடமாக இருந்தது.

முற்றத்தில் பாப்பா கொடியிலிருந்து விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். துருவி போய் ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். பெரிய விரிப்பை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். இழுத்து உதறினார்கள். நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். விலகினார்கள்.

"பாப்பா, அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல போற வயர் ரொம்பப் பழசாம். எர்த் இல்லையாம். ஆளையே அடிச்சிடும்கிறாரு. புதுசா மாத்தணும். எப்ப வந்தா உனக்குச் சௌகரியப்படும்?"

பாப்பாவின் கை நின்றது. விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொய்ந்தது. பிறகு அவள் நெருங்கி வந்து தன் முனையை அண்ணியின் முனையோடு சேர்த்தாள்.

"மூணு மணிக்கு மேல வேணாம்."

"காலையிலயே வரச் சொல்றேன்."

அடுத்த விரிப்பு. உதறல். பாதி மடிப்பில் பாப்பா கேட்டாள். "எப்ப இருந்து தெரியும் அண்ணி?"

"நேத்துல இருந்து."

"நேத்துல இருந்து தெரிஞ்சும் எதுவும் கேக்கலையா?"

"கேக்கல."

பாப்பா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

துருவிதான் முதலில் சிரித்தாள். பாப்பா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்ததில் துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது. அதை மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. பாப்பா அதற்காக யாரையும் திட்டவில்லை.

"வயரை நோண்ட ஆள் வந்தா வெளியில வந்துடும்னுதான் சார்ஜர் வேணாம்னேன்" என்றாள் பிறகு, மெதுவாக. "வண்டி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வெக்கமா இருக்குண்ணி. இந்த வயசுல ஒளிஞ்சு குளிக்கிறவள்னு யாராவது சொன்னா?"

"யாரு சொல்றா? துணி எண்ணறதுக்கு வெந்நீர் தேவைன்னு யாருக்குத் தெரியாது?"

வேலை நடந்த அன்று, அலமாரிக்குப் பக்கத்து ஒற்றைக் கதவைப் பாப்பாவே திறந்தாள். மின்வேலைக்காரர் உள்ளே போய்ச் சுவரோடு வழக்கம்போலச் சண்டை போட்டுவிட்டு, பழைய ஹீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஓர் அசட்டுக் கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த நேரமெல்லாம் துருவி தாழ்வாரத்திலேயே நின்றாள், உள்ளே எட்டிப் பார்க்காமல். கழுத்து வலித்தது.

"வந்து பாருங்க அண்ணி" என்று குரல் வந்தது. "பாக்கலேன்னா இன்னைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது. அண்ணனையும் தூங்க விடமாட்டீங்க."

சின்ன அறைதான். நீல நிற ஓடு பதித்த சுவர், ஒரு முக்காலி, பித்தளை வாளி, ஜன்னல் விளிம்பில் கண்ணாடிக் குடுவையில் நீரில் விட்ட ஒரு கொடி. விருந்தினர்கள் விட்டுப்போன சோப்புகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். கடல் கடந்து வந்தவர்களின் சோப்பும் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள் துருவி. இது யார் விட்டது, அது எந்த ஊர்க்காரருடையது என்று பாப்பா தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு கேள்வியும் தேவைப்படவில்லை.

சார்ஜரை எங்கே மாட்டுவது என்பதில் பாப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கொடிகளின் பக்கம் கூடாது, வண்டித் தூசி விரிப்பில் படியும். அதனால் சமையலறைச் சுவருக்கு வெளியே மாட்டினார்கள். முதன்மைக் கம்பியிலிருந்து அதற்கென்றே தனியாக ஒரு வயர், சொந்தமாக ஒரு எர்த், கசிவு வந்தால் கண்ணிமைக்கும் முன் அறுத்துவிடும் ஒரு சுவிட்ச். கரண்ட் போதுமா என்ற கவலைக்கும் மின்வேலைக்காரர் வழி சொன்னார். முதன்மைக் கம்பியில் நிரந்தரமாக ஒரு மீட்டரைக் கவ்வ வைத்தார். கட்டடம் அதிகமாகக் கேட்கும் நேரத்தில் அது சார்ஜருக்குச் சொல்லும், சார்ஜர் வண்டிக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அறைகளில் எல்லாரும் குளித்து முடித்ததும் மறுபடி கூட்டும்.

"கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமக மாதிரி" என்றார் அவர். "எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தனக்குப் போட்டுக்கும்."

"இங்க மூத்த மருமக அப்படி இல்லீங்க. முதல் ஆளா உக்காந்துடுவாங்க" என்றாள் பாப்பா.

போனில் வழி காட்டும் வரைபடத்தில் விடுதியின் பெயரோடு சார்ஜர் குறியும் ஏறிய பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரேயடியாகக் கூட்டம் குவிந்துவிடவில்லை. சில நாட்கள் முற்றம் காலியாகவே கிடக்கும். சில நாட்கள் இரண்டு வண்டிகள் ஒன்றாக வந்து, யார் முதலில் என்று பேச்சு வளரும். அந்தப் பஞ்சாயத்தைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். யார் வண்டி எப்போது நிரம்பும் என்று விருந்தினரிடம் கேட்டு, பாதி ராத்திரியில் ஒருவரை எழுப்ப வேண்டிவராதபடி வரிசை போடுவாள். கேபிளைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் விடமாட்டாள். "சுருட்டி மாட்டுங்க சார். உங்க வீட்ல இப்படித்தான் காலைத் தட்டிவிடற மாதிரி போட்டு வைப்பீங்களா?" டாக்டரானாலும் சரி, அதிகாரியானாலும் சரி, சுருட்டி மாட்டிவிட்டுத்தான் சாவியை வாங்க முடியும். ஆனால் மூன்று மணியிலிருந்து நான்குவரை எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் வரவேற்பு மேசையில் துருவிதான் பேசுவாள். உள்ளே துணி எண்ணுகிறார்கள்.

துருவிக்கு நல்ல காலம். முன்பெல்லாம் விருந்தினர்கள் சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய் மறைந்துவிடுவார்கள். இப்போது வண்டியைச் சொருகிவிட்டு, அது ஏறத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கக் கொஞ்ச நேரமாவது முற்றத்தில் நிற்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் போதும். பாலங்களின் அடியில் தொங்கி விரிசல் தேடுகிற ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடங்களுக்குப் பியானோ சுருதி சேர்க்கிற ஒருவர் வந்தார். எல்லாருடைய தொழிலும் அவளுக்கு இப்போது ஓரளவு தெரியும்.

போன வாரம் ஒரு சாயங்காலம், கால்நடை மருத்துவர் ஒருத்தி தன் மின்சார வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சொருகிய கொஞ்ச நேரத்தில் வண்டியின் அடியிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம். பேட்டரி சூடாகாமல் இருக்க உள்ளே ஏதோ ஓடுகிறது என்றாள் மருத்துவர், ஆனால் என்ன ஓடுகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. கடுங்காப்பி கொண்டுவந்த கணவர் முற்றத்தில் மருத்துவரை மட்டும் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரி இங்கதானே இருந்தா?"

மருத்துவர் தரையைக் காட்டினாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கொடியிலிருந்து விரிப்பு எடுத்துக்கொண்டிருந்த பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"டார்ச் எடுத்துட்டுப் போகல பாருங்க" என்று முனகிக்கொண்டே டார்ச்சை எடுத்துவர உள்ளே போனாள்.